சித்தியின் மேல்குரல்

உங்களில் பலருக்கும் என்னைப் போலவே இப்போது இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். விடுதியில் அடுத்தடுத்த பாயில் படுத்துக் கதை பேசிய நாம்தான் இன்றைக்குப் பால் பொங்குகிறதா, பிள்ளைக்கு நெற்றி சுடுகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருபத்தைந்து ஆகாதவள் பழைய கதை எழுத உட்காரலாமா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போன மாதம் நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. அதை எழுத வேண்டுமானால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே சேலத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர் ஒரு மாலையில் வீட்டுக்கு வந்தார். "நாளைக்கு ஒரு அடக்க ஆராதனைம்மா. ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துல ஒரு பெரியவர். ரெண்டாங் குரலுக்கு ஆளே இல்ல. நீ வந்து நின்னா போதும்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உள்ளே மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"பால் குடுக்கற புள்ளக்காரி சாவுக்குப் போய்ப் பாடறதா? நல்லா இருக்குது நாயம். நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் இல்லை. குழந்தைக்குச் சளி பிடித்தால் என்னைவிட அதிகம் தவிக்கிறவர். அவர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லைதான், ஆனால் ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் மட்டும் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடு தூளியை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் தூளிச் சேலையின் ஓரத்தில் இருந்த நீலக் கரை கண்ணில் பட்டது. அது அம்மாவின் பாட்டுச் சேலை. வெள்ளை வாயில் துணியில் மெல்லிய நீலக் கரை. சித்தியிடமும் அதே போல ஒன்று இருந்தது.

அப்போது நாங்கள் மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, அப்பா, ரிக் மாமா என்று நான்கு பேர் சேர்ந்து பாடினார்கள். ரிக் மாமா எங்களுக்கு உறவில்லை. திருச்செங்கோட்டில் 'ரிக்' என்கிற போர்வெல் லாரியில் வேலை செய்தவர். சபையில் அவருடைய கீழ்க்குரலைக் கேட்டுவிட்டு அப்பா விடாமல் பிடித்துவந்தார். கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு ஒரு காது மந்தம். பாட்டு தொடங்கும்போது அப்பா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். மாமா துவைத்த வேட்டி கட்டி வந்தாலும் டீசல் வாசனை போகாது. எனக்கு இன்றைக்கும் கீழ்க்குரல் என்றால் டீசல் மணக்கிறது.

வாத்தியம் எதுவும் கிடையாது. அப்பாவின் சட்டைப் பையில் ஒரு சுருதிக் குழல் இருக்கும். வட்டமாக, வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா அளவில், ஓரமெல்லாம் துளைகளோடு இருக்கும். அதை ஒரு ஊது ஊதுவார். கீழிருந்து ஒவ்வொருவராக "ம்" என்பார்கள். முதலில் ரிக் மாமா, பிறகு அப்பா, அம்மா, கடைசியாக எல்லோருக்கும் மேலே சித்தி. அந்த நான்கு "ம்" சேர்ந்ததும் அறையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தது போல இருக்கும். பாட்டைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

அம்மாவின் பங்கு இரண்டாம் குரல். அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டே அதைத் தனியாகப் பாடிப் பழகுவாள். மூன்று சுரத்துக்குள்ளேயே போய்ப் போய் வரும். ஏறாது, இறங்காது.

"இதெல்லாம் ஒரு பாட்டாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தனியாக் கேட்டா இப்படித்தான் இருக்கும் சாமி. எனக்கு மேல உங்க சித்தி பாடோணும். அப்பத்தான் நான் பாடறது பாட்டு" என்றாள் அம்மா. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தங்களுக்கென்று வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் வைத்திருந்தார்கள். யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது "நாலு பேர் பாட்டு"தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகப் பாடுவார்கள். கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வார்டு வார்டாக நின்று பாடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில்தான் அவர்களுடைய புகழ் தொடங்கியது.

வார்டில் ஒரு தோட்டத்துக்காரர் நெடுநாள் படுத்திருந்தார். நிலபுலன் உள்ள குடும்பம், கோயில் முறைமையெல்லாம் உள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்வாராம். போகும்போது மகனிடம், "நான் செத்தா அந்த நாலு பேத்தையும் கூட்டியாந்து அந்த ஊட்டுக்குப் போற பாட்டப் பாடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது அப்பா எழுதிய பாட்டு. வேலை முடிந்து பொழுது சாயும்போது ஒருவன் வீடு திரும்புவது போல எழுதியிருந்தார். கடைசிச் சரணத்தில் கீழே மூன்று குரலும் தங்கள் சுரத்தைப் பிடித்தபடி ஓரிடத்தில் நின்றுவிடும், சித்தியின் குரல் மட்டும் தனியாக ஏறிக்கொண்டே போகும். தோட்டத்தில் அன்றைக்கு அவர்கள் பாடத் தொடங்கியதும் கொட்டுக்காரர்கள் தாங்களாகவே குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி கடைசிச் சரணத்தில் ஏறியபோது, அதுவரை அழாமல் விறைப்பாக நின்ற அந்த மகன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சோளத்தட்டுப் போர் பக்கத்தில் நின்று பார்த்தேன். சித்தியை எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகு எங்கே சாவு விழுந்தாலும் ஆள் வந்தது. தோட்டத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள், தறிக்காரர்கள் கூப்பிட்டார்கள், சேலத்தில் சபைக் குடும்பங்கள் கூப்பிட்டன. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளின் புளித்த வாடையைத் தாண்டித் தாண்டி பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தோம். துக்க வீட்டில் அம்மாவும் சித்தியும் அந்த வெள்ளைச் சேலையை நெற்றி வரை இழுத்து முக்காடு போட்டுக்கொள்வார்கள். அதனால் குரல் தெரியும், முகம் தெரியாது.

ரிக் மாமாவுக்கு எல்லாம் தமாஷ்தான். "நாலு பேரு தூக்கறதுக்கு முன்னால நாலு பேரு பாடோணும். இனி இதுதானுங்க சீர்" என்பார்.

"வாயக் கழுவுங்க" என்பாள் அம்மா.

அம்மாவின் பயம் வீண் பயம் இல்லை. அந்த வருஷம் மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாட அழைத்திருந்தார்கள். பந்தல் வாசலில் பன்னீர் தெளிக்கும் இடத்தில் பெண்ணின் அத்தை எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஏனுங்க, சாவுக்குப் பாடறவங்களையா கூட்டியாந்தீங்க?" என்று சத்தமாகவே கேட்டார். பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "தப்பா நெனைக்காதீங்க வாத்தியாரே. சாப்பாடெல்லாம் ஆவட்டும், அப்புறமாப் பாடிக்கலாம்" என்றார். சாப்பாடு ஆயிற்று. கூட்டமும் கலைந்தது. யாரும் வந்து கூப்பிடவில்லை. அப்பா சட்டைப் பையில் கையை விட்டுச் சுருதிக் குழலைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

திரும்பி வரும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "நமக்குப் பரவால்லைங்க. இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆவோணும்."

சித்திக்கு அப்போது இருபது வயது. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லாததால் அவளைக் கரையேற்றுவது அப்பா, அம்மா பொறுப்பாக இருந்தது. பார்க்க வருகிறேன் என்று சொன்ன இரண்டு இடங்கள் பிறகு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அம்மா தானாகவே ஒரு காரணத்தை முடிவு செய்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் போதகர் மூலமாகச் சேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ரயில்வேயில் வேலை பார்க்கிற பையன். அவனுடைய அப்பா இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த அடக்கத்துக்கு நாலு பேரும் போய்ப் பாடியிருந்தார்கள். இதைக் கேட்டதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. அவங்க அப்பன் சாவுக்குப் பாடினவளையே போய் அவங்களுக்குக் காட்டறதா?"

"முக்காடுதானே போட்டிருந்தா. மொகம் தெரிஞ்சிருக்காது. இவளும் பாடினான்னு சொல்லாம விட்றலாம்" என்றார் அப்பா.

அப்பா பொய் பேசாதவர். பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிற்க வைப்பவர். அப்படிப்பட்டவர் இதற்குச் சம்மதித்தார் என்பதை நினைத்தால் அவர் எவ்வளவு பயந்திருந்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. வெள்ளைச் சேலை இரண்டும் பெட்டிக்குள் போயின. சித்திக்கு அரக்கு நிறப் பட்டு உடுத்தி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்தார்கள்.

பையனும் அவனுடைய அம்மாவும் வந்தார்கள். போதகர் கூட்டிவந்தார். ரிக் மாமா வீட்டு மனுஷர் போல முன்னால் நின்று வரவேற்றார். பையன் கைக்கடிகாரத்தின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தான். அந்த அம்மாள் ஒல்லியாக, வெளுத்துப்போய், எதையோ தேடுகிறவர் போல எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். காப்பியைக் கையில் வாங்கியதும் குடிக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு எங்க வீட்ல வந்து பாடினீங்களே, அதுல மேல்குரல் யாருதுங்க?"

அப்பா உடனே சொல்லிவிட்டார். "என்ற சம்சாரத்துதுங்க. கூடப் பாடினது வேற ஒரு பொண்ணுங்க."

அந்த அம்மாள் என் அம்மாவையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். "தங்கச்சி பாடாதுங்களா?"

"எப்பவாச்சும். சபையில எல்லாரோடவும் சேந்து பாடுவாளுங்க."

"அப்ப ஒண்ணு பாடட்டுமே. அன்னைக்குப் பாடின அந்தப் பாட்டையே பாடு சாமி."

சித்தி தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்தாள். அம்மா பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்தாள். நான் அங்கே முறுக்குத் தட்டோடு நின்றிருந்தேன்.

"என்ற ரெண்டாங் குரலப் பாடு" என்றாள் அம்மா மெதுவாக. "உன்ற குரலப் பாடினேன்னா கண்டுபுடிச்சுருவாங்க."

"அக்கா, அத எப்பிடித் தனியா..."

"பாடு கண்ணு. எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான்."

சித்தி போய் உட்கார்ந்து அம்மாவின் இரண்டாம் குரலைப் பாடினாள். ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் மேலே யாரும் இல்லாமல், கீழே யாரும் இல்லாமல், அது மூன்று சுரத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சரணம் வந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது போல இருந்தது. சித்தியின் குரல் ஏறாமலேயே முடிந்தது. அவர் கண்ணைத் திறந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார்.

"பாப்பா நல்லாப் பாடுது. போயிட்டுச் சொல்லி அனுப்பறோங்க."

அவர்கள் தெருமுனை திரும்பியதும் அப்பா, "கண்டுபுடிக்கல" என்று பெருமூச்சு விட்டார். ரிக் மாமாதான் தலையை ஆட்டினார்.

"என்னமோ போங்க வாத்தியாரே. லாரியக் காட்டறேன்னு கூட்டியாந்து ஸ்டெப்னிய மட்டும் உருட்டிக் காட்டினாப்ல இருக்குது."

"அப்ப நான் ஸ்டெப்னிங்களா?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அதற்குச் சித்திகூடச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் போகும்போது வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தடுமாறியதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள்.

சொல்லி அனுப்பவில்லை. ஒரு மழைக்காலம் போயிற்று. சேலத்தில் அவர்கள் சபையிலேயே ஒரு வயதான டீச்சரின் அடக்க ஆராதனைக்கு நாலு பேரையும் அழைத்தார்கள். அந்த அம்மாளும் வருவாரே என்று அப்பா தயங்கினார். "வந்தா என்னங்க மாமா, இனி என்ன போவுது" என்று சொல்லிச் சித்தியே பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலையை எடுத்தாள். முக்காடும் போடவில்லை.

அன்றைக்கு அவள் பாடியதுபோல முன்னும் பின்னும் பாடியதில்லை என்று ரிக் மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிச் சரணத்தில் மற்ற மூன்று குரலும் நின்றதும் அவள் ஏறினாள். முன் பெஞ்சில் அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

வெளியே புளியமரத்தடியில் எங்களைத் தேடி வந்தார். சித்தியின் தாடையைத் தொட்டுத் தூக்கிப் பார்த்தார்.

"நீதானா சாமி?"

சித்தி தலையை அசைத்தாள்.

"இந்தக் குரலத் தேடித்தானே நான் உங்க வீட்டுக்கு வந்தேன். எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு இந்தக் குரல்தான் என்னைய எழுப்பி உட்கார வெச்சுது. இது எங்க வீட்ல இருந்தா நான் பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன். ஏங்க மறைச்சீங்க?"

அப்பா சட்டைப் பையில் இருந்த சுருதிக் குழலைத் தடவினார். "சாவுக்குப் பாடற பொண்ணு வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னுதானுங்க..."

"அட ஆண்டவரே" என்றார் அந்த அம்மாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வாரந்தான் அவனுக்கு வேற எடத்துல நிச்சயம் பண்ணினோம்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். கோபமாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டாள் என்று நினைத்து நான் நிம்மதியானேன். ஊர் நெருங்கும்போது அவள் அப்பாவைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"இனி நான் ரெண்டாங் குரலே பாடிக்கறனுங்க மாமா. அதையும் தனியாப் பாடப் பழகிட்டேன்ல."

மேல்குரலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா தேடவும் இல்லை. அடுத்த வருஷம் சித்தி நர்ஸ் பயிற்சிக்குப் போய்விட்டாள். அத்தோடு நாலு பேர் பாட்டு முடிந்தது. சுருதிக் குழலைத் தம்பி பல் முளைக்கும்போது கடித்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அதைத் தேடியதில்லை. அம்மாவின் சேலை தம்பிக்குத் தூளியாகி, இப்போது என் பிள்ளைக்கும் தூளியாகிவிட்டது.

சித்தியும் இங்கே சேலத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டுப் பொறுப்பில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சபையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உதடு மட்டும் அசைப்பாள். பக்கத்தில் நின்றாலும் சத்தம் கேட்காது. அப்பா, அம்மாமேல் எனக்குக் கோபம் வரவேண்டும். தாயான பிறகு அது வரமாட்டேன் என்கிறது. பிள்ளையின் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு நான் எதையெல்லாம் மறைக்கப் போகிறேனோ என்ற பயந்தான் வருகிறது.

அன்றைக்குப் பாடகர் குழுக்காரர் போன பிறகு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சித்தியின் ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் பேசினேன். அவள் நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. "காலைல வாரேன். புள்ளைய நான் வெச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

சொன்னபடி வந்தாள். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்கம்மா, ஆஸ்பத்திரியில சாவப் பாத்த கையோடதான் தெனமும் நான் பச்சப் புள்ளைகளத் தூக்கறேன். எல்லாம் நல்லாத்தான் வளருதுக" என்றாள் சித்தி. "தொப்பியப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க, வெயிலு" என்று மட்டும் சொல்லி, மாமியார் தானே கொண்டுவந்து குழந்தைக்குப் போட்டுவிட்டார்.

சித்தி குழந்தையோடு ஆலயத்தின் வெளி வராந்தாவில் நின்றுகொண்டாள். உள்ளே நாங்கள் பாடகர் பெஞ்சில் நின்றோம். குழுக்காரர் பழைய பாட்டுகளில் ஒன்று என்று சொல்லி எடுத்துக் கொடுத்தது அப்பாவின் பாட்டுத்தான். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. எங்கள் மேல்குரல் பெண்ணுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் அம்மாவின் மூன்று சுரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே குழந்தை அழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே பாடினேன்.

கடைசிச் சரணத்தில் கீழே மூன்று குரலும் சுரத்தைப் பிடித்து நின்றன. அந்தப் பெண் ஏறப் பார்த்து, முடியாமல் இருமினாள். அந்த இடம் காலியாக இருந்தது. அப்போது வராந்தாவிலிருந்து, திறந்திருந்த கதவு வழியாக, ஒரு குரல் ஏறியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என் சுரம் பிசகிவிடும். ஆராதனை முடிந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது சித்தி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையின் தொப்பி நழுவி ஒரு காதுக்குமேல் கிடந்தது. அவள் தோளில் கன்னத்தை வைத்து அது அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அழுதாளா சித்தி?"

"இல்ல சாமி" என்றாள் சித்தி. "கேட்டுக்கிட்டே தூங்கிட்டா."